குவாண்டம் கெமிஸ்ட்ரிக்கு எவ்வளவு மேத்ஸ் வேணும்? வளவுத் தூண்ல இருந்து பென்சீன் வரைக்கும்

2025-ஐ ஐ.நா. குவாண்டம் ஆண்டா அறிவிச்சதுல இருந்து எங்க திரும்புனாலும் குவாண்டம் பேச்சுதான். காரைக்குடில அழகப்பா யுனிவர்சிட்டி ஒரு பக்கம், 1948-ல நேரு அடிக்கல் நாட்டி 1953-ல திறக்கப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இன்னொரு பக்கம், அதனால இந்தப் பக்கம் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா எம்.எஸ்சி. வந்து குவாண்டம் பேப்பரைத் தொட்டதும் பாதிப் பேரு தடுமாறிப் போறாங்க. +2-ல பியூர் சயின்ஸ் குரூப் எடுத்து மேத்ஸை அங்கயே விட்டாச்சு, பி.எஸ்சி.ல அலைடு மேத்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, அதையும் பாஸ் ஆனா போதும்னு மனப்பாடம் பண்ணித் தாண்டியாச்சு, இப்ப முதல் பக்கத்துலயே பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் உக்காந்திருக்கு.

இதுல ரெண்டு தப்பான முடிவுக்கு வர்றாங்க. ஒண்ணு, "எனக்கு மூளை பத்தாது". இன்னொண்ணு, "மேத்ஸ் முழுசா திரும்பப் படிக்கணும்". ரெண்டுமே தேவையில்ல. வேணுங்கிற மேத்ஸ் கம்மிதான், அதை சொல்லிக்குடுக்குற வரிசைதான் தலைகீழா இருக்கு, இன்டக்ரேஷன்ல ஆரம்பிச்சு கடைசியில மேட்ரிக்ஸுக்கு வர்றாங்க, வர்றதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிருது.

## ஆபரேட்டர்னா ஒரு வேலை, அவ்வளவுதான்

1925-ல ஹைசன்பர்க் ஒரு புது கணக்கு முறை எழுதுனாரு, எண்களை வரிசை வரிசையா அடுக்கிப் பெருக்குற மாதிரி. அதுக்குப் பேரு மேட்ரிக்ஸ், மேத்ஸ்காரங்க ஏற்கனவே வச்சிருக்காங்கன்னு அவருக்கே தெரியாது, மாக்ஸ் பார்ன்தான் பாத்துக் கண்டுபிடிச்சாரு. (மேட்ரிக்ஸ் தெரியலன்னு வெக்கப்படுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கலாம்.) அடுத்த வருஷம் 1926-ல ஷ்ரோடிங்கர் வேற வழில வந்தாரு, அலை ஈக்வேஷன் எழுதுனாரு, அப்புறம் ரெண்டும் ஒண்ணுதான்னு அவரே காட்டுனாரு. அந்த ஈக்வேஷனை வார்த்தைல எழுதுனா இப்படி:

ஹாமில்டோனியன் × சை = எனர்ஜி × சை

சைங்கிறது வேவ் ஃபங்ஷன், எலெக்ட்ரானைப் பத்தின எல்லா தகவலும் அதுக்குள்ள. ஹாமில்டோனியன் ஒரு ஆபரேட்டர். ஆபரேட்டர்னா ஃபங்ஷன் மேல செய்யுற ஒரு வேலை: "டிஃபரன்ஷியேட் பண்ணு", "எக்ஸால பெருக்கு" அப்படின்னு. ஹாமில்டோனியன்ல ரெண்டு வேலை சேந்திருக்கு, கைனடிக் எனர்ஜிக்கு ரெண்டு தடவை டிஃபரன்ஷியேஷன், பொட்டன்ஷியல் எனர்ஜிக்கு வெறும் பெருக்கல்.

வேலைன்னா வரிசை முக்கியம். ஆத்தங்குடிக் கல்லு (தரைக்குப் பதிக்கிற பூப் போட்ட கல்லு) போடுறவங்களைப் பாத்திருந்தா புரியும், முதல்ல கண்ணாடி மேல அச்சு வச்சு கலரு ஊத்தணும், அப்புறம்தான் பின்னால மணலும் சிமென்ட்டும், மாத்திச் செஞ்சா கல்லு வரும், பூ வராது. அதே மாதிரி "எக்ஸால பெருக்கிட்டு டிஃபரன்ஷியேட் பண்ணு"ங்கிறதும் "டிஃபரன்ஷியேட் பண்ணிட்டு எக்ஸால பெருக்கு"ங்கிறதும் வேற வேற. எந்த ஃபங்ஷனை எடுத்து செஞ்சு பாத்தாலும், முதல் விடைல இருந்து ரெண்டாவதைக் கழிச்சா மிச்சம் அந்த ஃபங்ஷனே வந்து நிக்கும். இந்த மிச்சத்துக்குத்தான் கம்யூட்டேட்டர்னு பேரு. ஹைசன்பர்க்கோட நிச்சயமின்மைக் கோட்பாடு, அதாவது இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்துல துல்லியமா சொல்ல முடியாதுங்கிறது, இந்த மிச்சம் சைபர் ஆகாததால வர்றதுதான், ஏன்னா இடத்தோட ஆபரேட்டர் எக்ஸால பெருக்குறது, உந்தத்தோட ஆபரேட்டர்ல டிஃபரன்ஷியேஷன் இருக்கு. கருவி சரியில்லாததால வர்றது இல்ல.

## ஐகன் வேல்யூ: உள்ள போனதே வெளிய வரணும்

பெரும்பாலான ஃபங்ஷன் ஆபரேட்டருக்குள்ள போனா உருவம் மாறித்தான் வெளிய வரும். எக்ஸ் ஸ்கொயரை டிஃபரன்ஷியேட் பண்ணா 2எக்ஸ், ஆள் மாறிருச்சு. ஆனா சைன் 2எக்ஸ்-ஐ ரெண்டு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணுங்க, மைனஸ் 4 × சைன் 2எக்ஸ் வரும். அதே ஆளு, முன்னால ஒரு நம்பர் மட்டும் ஒட்டியிருக்கு. அந்த ஆளுதான் ஐகன் ஃபங்ஷன், அந்த நம்பர்தான் ஐகன் வேல்யூ. ஷ்ரோடிங்கர் ஈக்வேஷன் கேக்குறது இவ்வளவுதான்: ஹாமில்டோனியன் வழியா போயி உருவம் மாறாம வர்ற ஃபங்ஷன் எது, அதுக்கு முன்னால ஒட்டுற நம்பர் எது. அந்த நம்பர்தான் எனர்ஜி.

ரெண்டு தடவை டிஃபரன்ஷியேஷன்னா வளைவு எவ்வளவுன்னு அளக்குறது. ஃபங்ஷன் அதிகமா வளைஞ்சு நெளிஞ்சா கைனடிக் எனர்ஜி அதிகம். நோடு (சை சைபரைத் தாண்டிப் போற இடம்) கூடக்கூட ஆர்பிட்டல் எனர்ஜி ஏறும்னு மனப்பாடம் பண்ணிருப்பீங்கல்ல, அதுக்குக் காரணம் இந்த வளைவுதான்.

## சுவர் வச்சாத்தான் எண்ணு பிறக்கும்

இதுவரைக்கும் சைன் 2எக்ஸும் ஓகே, சைன் 2.37எக்ஸும் ஓகே. அப்ப எனர்ஜி ஏன் படிப்படியா இருக்கு? பவுண்டரி கண்டிஷன்தான் காரணம். ரெண்டு சுவருக்கு நடுவுல எலெக்ட்ரானை அடைச்சா சுவர்ல சை சைபரா இருக்கணும், அப்ப அரை அலை, ஒரு அலை, ஒண்ணரை அலைன்னு முழுசா பொருந்துறது மட்டும்தான் நிக்கும். எனர்ஜி எண்ணோட ஸ்கொயரா ஏறும்: 1, 4, 9, 16. அதைக் கீழ வகுக்குறது பெட்டி நீளத்தோட ஸ்கொயர், அதனால பெட்டி நீண்டா படிகளுக்கு நடுவுல இடைவெளி குறையும்.

இது வெறும் பாடப் பயிற்சி இல்ல. பியூட்டாடையீனை எடுத்துக்கோங்க, 4 பை எலெக்ட்ரான். பெட்டி நீளம் ரெண்டு டபுள் பாண்ட், ஒரு சிங்கிள் பாண்ட், ரெண்டு முனைலயும் ஆளுக்கு ஒரு கார்பன் ஆரம், மொத்தம் 578 பிகோமீட்டர். முதல் ரெண்டு படியும் நிறைஞ்சிருக்கு, ரெண்டுல இருந்து மூணுக்குத் தாவணும், அப்ப 9 மைனஸ் 4, அதாவது 5 பங்கு. கணக்குப் போட்டா 220 நானோமீட்டர் வரும். லேப்ல அளந்தா 217. அடடான்னு தோணும்.

அடடான்னு சொல்லிட்டு அப்படியே போயிராதீங்க. இதே கணக்கை கேரட்ல இருக்குற பீட்டா கரோட்டினுக்குப் போடுங்க, 22 பை எலெக்ட்ரான், 21 பாண்டு, நீளம் சுமார் 2.94 நானோமீட்டர். கணக்கு சொல்றது கிட்டத்தட்ட 1240 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட். நிஜத்துல அது 450 கிட்ட உறிஞ்சுது, அதனாலதான் கேரட் ஆரஞ்சு. நீளமான சங்கிலில சிங்கிளும் டபுளும் மாறி மாறி வர்றதால பெட்டிக்குள்ள தரை சமமா இல்ல, மேடு பள்ளமா இருக்கு, அதை இந்த மாடல் கண்டுக்கல. சின்ன மாலிக்யூல்ல பொருந்துனதுல நம்ம பெட்டி நீளத்தைத் தோதா எடுத்துக்கிட்டதுக்கும் பங்கு உண்டு.

இப்ப சுவரே இல்லாத இடம். செட்டிநாட்டு வீட்டுக்குள்ள வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுத்தித் தாழ்வாரம் இருக்கும், தூணு தூணா. ஒரு தூண்ல ஆரம்பிச்சு சுத்தி நடந்தா மறுபடி அதே தூணுக்குத்தான் வருவீங்க. எலெக்ட்ரான் அலையும் ஒரு சுத்து சுத்தி வந்தா கிளம்புன உயரத்துலயே வந்து சேரணும், இல்லன்னா ஒரே தூண்ல சைக்கு ரெண்டு மதிப்பு ஆயிரும். இந்த ஒரே நிபந்தனைல இருந்துதான் எம் குவாண்டம் நம்பர் முழு எண்ணா வருது, மைனஸ்லயும் வருது, ஏன்னா வலமும் சுத்தலாம் இடமும் சுத்தலாம்.

காம்ப்ளெக்ஸ் நம்பர் தேவைப்படுறது இங்கதான், சுத்துற அலையை எழுத அதுதான் வசதி. இங்க கைடு புக்குங்க பண்ற ஒரு தப்பைச் சொல்லியே ஆகணும்: "பி-எக்ஸுக்கு எம் = +1, பி-ஒய்க்கு எம் = −1"னு அச்சடிச்சு விக்கிறாங்க. தப்பு. எம் = 0 மட்டும்தான் பி-இசட். +1-ம் −1-ம் சுத்துற அலைங்க, அது ரெண்டையும் கூட்டுனா ஒண்ணு, கழிச்சா இன்னொண்ணு, அப்படி வர்றதுதான் பி-எக்ஸும் பி-ஒய்யும். வலம் சுத்துறதும் இடம் சுத்துறதும் சேந்தா நின்ன இடத்துலயே ஆடுற அலை வரும், டம்பெல் வடிவம் அதுதான்.

## நெருக்கம் வேற, எண்ணிக்கை வேற

சையோட ஸ்கொயர்தான் எலெக்ட்ரான் கிடைக்கிற வாய்ப்புன்னு 1926-ல பார்ன் சொன்னாரு. எல்லா இடத்தையும் கூட்டுனா 1 வரணும், நார்மலைசேஷன் அவ்வளவுதான். பெட்டியோட முதல் படில எலெக்ட்ரான் நடு மூணுல ஒரு பங்குல இருக்குற வாய்ப்பு 61 சதவீதம், சாதாரண பந்தா இருந்தா 33 தான் இருந்திருக்கும்.

ஹைட்ரஜனுக்கு வந்தா எல்லாரும் குழம்புற ஒரு இடம் இருக்கு. 1எஸ்ல சை ஸ்கொயர் அதிகமா இருக்குறது நியூக்ளியஸ் மேலயே. ஆனா எலெக்ட்ரான் அதிகம் கிடைக்கிற தூரம் 52.9 பிகோமீட்டர்னு அதே புக்குல இருக்கு. எது சரி? ரெண்டும் சரி. பிள்ளையார்பட்டில சதுர்த்தி அன்னிக்கி சன்னதிகிட்ட ஒருத்தர் மேல ஒருத்தர் நெருக்கிக்கிட்டு நிப்பாங்க, வெளியே போகப் போக நெருக்கம் குறையும். ஆனா தலையை எண்ணுனா வெளிச்சுத்துலதான் ஆளு அதிகம், ஏன்னா இடம் அதிகம். அணுவுலயும் ஆரம் கூடக்கூட அந்த கோள ஓட்டோட பரப்பு ஆரத்தோட ஸ்கொயரா ஏறுது. நெருக்கம் குறையுது, இடம் கூடுது, ரெண்டையும் பெருக்குனா நடுவுல ஒரு உச்சி வரும், அதுதான் 52.9. ஸ்பெரிக்கல் கோஆர்டினேட்ல இன்டக்ரேஷனுக்குள்ள திடீர்னு ஒரு ஆர் ஸ்கொயர் வந்து நிக்குதே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

## இன்டக்ரேஷன் போடாமலே சைபர்

பக்கம் பக்கமா இன்டக்ரேஷன் போட்டு கடைசில சைபர் வர்ற கணக்கு குவாண்டம்ல நிறைய. அதுல முக்கால்வாசியைப் பாத்தவுடனே சைபர்னு சொல்லலாம். ஒரு ஆத்தங்குடிக் கல்லை எடுத்து நடுக்கோட்டுல மடிச்சா வலப்பக்கப் பூ இடப்பக்கத்துல அப்படியே உக்காரும், இது ஈவன். வலப்பக்கம் பிளஸ்ஸா இருந்தது இடப்பக்கம் மைனஸ்ஸா உக்காந்தா ஆட். ஆட் ஃபங்ஷனை முழுசா கூட்டுனா ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டு சைபர். ஈவனையும் ஆடையும் பெருக்குனா ஆட், அதனால அதுவும் சைபர். ஒரே அணுவுல எஸ்ஸும் பியும் ஆர்த்தோகனல்னு சொல்றது இதைத்தான்.

குரூப் தியரிங்கிற முழுப் பாடமும் இந்த மடிப்பு வேலையோட விரிவுதான், மடிக்கிறதோட திருப்புறதும் சேரும், நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற கல்லை 90 டிகிரி திருப்பி வச்சாலும் தெரியாதே அந்த மாதிரி. பலன் லேப்லயே கண்ணுக்குத் தெரியும். காப்பர் சல்ஃபேட் கரைசல் நீலமாத் தெரியணும்னா நல்லாவே போடணும், பர்மாங்கனேட் ஒரு சிட்டிகை போட்டா பீக்கர் முழுக்க வயலட். காப்பர்ல எலெக்ட்ரான் டி ஆர்பிட்டல்ல இருந்து டி ஆர்பிட்டலுக்குத் தாவுது, டி ஈவன், ஒளியோட ஆபரேட்டர் ஆட், மறுபடி டி ஈவன், மூணையும் பெருக்குனா ஆட், கூட்டுனா சைபர். மாலிக்யூல் ஆடி அசையுறதால அந்த சமச்சீர் கொஞ்சம் கலையுது, அதனாலதான் லேசாவாவது நீலம் தெரியுது. பர்மாங்கனேட்ல இந்தத் தடையே இல்ல, அங்க எலெக்ட்ரான் ஆக்ஸிஜன்ல இருந்து மாங்கனீஸுக்குத் தாவுது.

## மேட்ரிக்ஸ்: இங்கதான் ஆரம்பிச்சிருக்கணும்

வீட்டுத்தூள் அரைக்க மிஷினுக்குக் குடுத்து விடுற சீட்டை நினைச்சுக்கோங்க: மிளகாய் இவ்வளவு, மல்லி இவ்வளவு, சோம்பு இவ்வளவு. சாமான் வரிசை இதுதான்னு முடிவு பண்ணிட்டா பேரு கூட எழுத வேணாம், நம்பர் மட்டும் போதும். வேவ் ஃபங்ஷனும் அப்படித்தான், தெரிஞ்ச சில ஃபங்ஷன்களை எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் எவ்வளவுன்னு எழுதிட்டா அந்த நம்பர் வரிசைதான் வெக்டர். எடுத்துக்கிட்ட சாமானுக்குப் பேரு பேசிஸ். ஃபங்ஷன் நம்பர் வரிசை ஆயிருச்சுன்னா ஆபரேட்டர் நம்பர் கட்டமா ஆயிரும், கண்டாங்கிச் சேலைல கட்டம் போட்ட மாதிரி. டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் காணாமப் போயிருச்சு, கூட்டலும் பெருக்கலும்தான் மிச்சம்.

1931-ல ஹுக்கல் இதை வச்சு ஒரு எளிய கணக்கு குடுத்தாரு:

1. ஒவ்வொரு கார்பன்லயும் ஒரு பி ஆர்பிட்டல். அதுதான் பேசிஸ்.
2. தனி கார்பனோட எனர்ஜி ஆல்ஃபா, கட்டத்தோட மூலைவிட்டத்துல இது.
3. பக்கத்துப் பக்கத்துல இருக்குற கார்பனுக்கு நடுவுல பீட்டா. பீட்டா மைனஸ் நம்பர்ங்கிறதை மறக்கக் கூடாது.
4. பக்கத்துல இல்லன்னா சைபர்.

எத்திலீனுக்கு ரெண்டுக்கு ரெண்டு கட்டம். ஆல்ஃபாவை சைபர்னும் பீட்டாவை 1-ன்னும் வச்சா முதல் வரி 0, 1, ரெண்டாவது வரி 1, 0. இதை (1, 1) மேல போடுங்க, (1, 1) வரும். (1, −1) மேல போடுங்க, (−1, 1) வரும், அதாவது மைனஸ் 1 மடங்கு. உருவம் மாறல, நம்பர் ஒட்டியிருக்கு! பாண்டிங் ஆல்ஃபா பிளஸ் பீட்டா, ஆன்டிபாண்டிங் ஆல்ஃபா மைனஸ் பீட்டா. அஞ்சு நிமிஷத்துல ஒரு மாலிக்யூலோட ஷ்ரோடிங்கர் ஈக்வேஷனைத் தோராயமா தீத்தாச்சு, ஒரு இன்டக்ரேஷன் கூடப் போடல.

பியூட்டாடையீனுக்கு நாலுக்கு நாலு, டிடர்மினன்ட்டை விரிச்சா எக்ஸோட நாலாவது பவர் மைனஸ் 3 எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 1 = 0 (எக்ஸ்னா நம்ம தேடுற ஐகன் வேல்யூ). விடை பிளஸ் மைனஸ் 1.618, பிளஸ் மைனஸ் 0.618. ஆமா, தங்க விகிதமேதான். பென்சீனுக்கு வளவுத் தூணு மாதிரி ஆறு கார்பன் வட்டமா நிக்குது, கட்டத்தை விரிக்கவே வேணாம், சுத்தி வந்து சேரணும்ங்கிற நிபந்தனை போதும்: 2, 1, 1, −1, −1, −2. ஆறு எலெக்ட்ரானையும் கீழ இருந்து நிரப்புனா மொத்தம் 8 பீட்டா, தனித்தனி மூணு எத்திலீனா இருந்தா 6 தான். அந்தக் கூடுதல் 2 பீட்டாதான் அரோமாட்டிசிட்டி, அதாவது வளையத்துக்குக் கிடைக்கிற கூடுதல் நிலைப்பு. லேப் பக்கம் இருந்து பாத்தா, சைக்ளோஹெக்ஸீன்ல ஒரு டபுள் பாண்டுக்கு ஹைட்ரஜன் ஏத்துனா மோலுக்கு 120 கிலோஜூல் வெளிய வருது, மூணுக்கு 360 வரணும், பென்சீன்ல வர்றது 208 தான். சுமார் 150 கிலோஜூல் குறையுதே, அந்த 2 பீட்டாவை ஒப்பிட வேண்டிய அளவு இதுதான்.

## பேரம் பேசுறதும் ஹீலியமும்

ரெண்டு எலெக்ட்ரான் வந்தாலே கைல சரியா தீக்க முடியாது, ஒண்ணை ஒண்ணு தள்ளுற அந்த ஒரு டெர்ம் எல்லாத்தையும் கெடுக்குது. அப்ப கைகுடுக்குறது வேரியேஷன் பிரின்சிபிள். காரைக்குடி பழம்பொருள் கடைல ஒரு பித்தளை அண்டாவுக்குப் பேரம் பேசுறீங்கன்னு வைங்க. கடைக்காரரோட அடக்க விலை உங்களுக்குத் தெரியாது, ஆனா அதுக்குக் கீழ அவரு எறங்கவே மாட்டாருன்னு தெரியும். அதனால பேசிப் பேசி எவ்வளவு குறைச்சாலும் நீங்க அடக்கத்துக்கு மேலதான் இருப்பீங்க, குறையக் குறைய அதுக்குக் கிட்டப் போறீங்க. தோராயமான எந்த வேவ் ஃபங்ஷனைப் போட்டாலும் வர்ற சராசரி எனர்ஜி நிஜமான கிரவுண்ட் ஸ்டேட்டுக்கு மேலயோ சமமாவோதான் இருக்கும். ஹீலியத்துல இப்படிப் போகும்:

1. எலெக்ட்ரான் ரெண்டையும் ஹைட்ரஜன் மாதிரி 1எஸ்ல வச்சு, தள்ளுறதோட சராசரியையும் சேத்தா −74.8 எலெக்ட்ரான் வோல்ட்.
2. ஒரு எலெக்ட்ரான் இன்னொண்ணுக்கு நியூக்ளியஸைக் கொஞ்சம் மறைக்குதுல்ல, அதனால சார்ஜை 2-ன்னு வைக்காம மாத்தக்கூடிய நம்பரா வச்சு, எங்க எனர்ஜி குறைவோ அங்க நிறுத்துனா 27/16, அதாவது 1.6875. எனர்ஜி −77.5.
3. சோதனைல அளந்தது −79.0.

இதுக்குத் தேவைப்பட்ட மேத்ஸ், டிஃபரன்ஷியேட் பண்ணி சைபருக்கு சமமாக்குறது மட்டும். +2 மேத்ஸ் புக்குல பெருமம் சிறுமம்னு வர்ற அதே கணக்கு.

## கம்ப்யூட்டர் உள்ள என்ன பண்ணுது

பேட்டரி மெட்டீரியலுக்கு சாஃப்ட்வேர்ல இன்புட் குடுத்து ராத்திரி ஓட விட்டு காலைல வந்து எனர்ஜியை எடுக்குறாங்களே, உள்ள நடக்குறதும் மேல சொன்ன ரெண்டும்தான்: மேட்ரிக்ஸோட ஐகன் வேல்யூ, எனர்ஜியை முடிஞ்ச அளவு கீழ இறக்குறது. தண்ணிக்கு ஆகச் சின்ன பேசிஸ் எடுத்தா 7 ஃபங்ஷன், ஆக்ஸிஜனுக்கு 5, ஹைட்ரஜனுக்கு ஒண்ணு ஒண்ணு. மேட்ரிக்ஸ் 7-க்கு 7, ஆனா எலெக்ட்ரான் தள்ளுறதுக்கான இன்டக்ரல் மட்டும் 406. பேசிஸை பத்து மடங்காக்கி 70 எடுத்தா 30 லட்சத்துக்கு மேல. நேரம் பூரா போறது இங்கதான்.

இன்னொரு சிக்கல், அந்த மேட்ரிக்ஸைக் கட்டவே ஆர்பிட்டல் தெரிஞ்சிருக்கணும், ஆர்பிட்டல் வேணும்னா மேட்ரிக்ஸைத் தீக்கணும். அதனால குத்துமதிப்பா ஆரம்பிச்சு, தீத்து, வந்ததை வச்சு மறுபடி கட்டி, குழம்புக்கு உப்பு பாக்குற மாதிரி மாத்தம் நிக்கிற வரைக்கும் சுத்தணும். கன்வர்ஜ் ஆகலன்னு ஸ்கிரீன்ல வர்றது இந்த சுத்து நிக்காம ஓடுறதைத்தான்.

## எந்த வரிசைல படிக்கலாம்

1. ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட், ஐகன் வேல்யூ. ஒரு வாரம் முழுசா இதுலயே இருக்கலாம்.
2. சைன், காஸ், எக்ஸ்பொனன்ஷியல் இதுங்களை டிஃபரன்ஷியேட் பண்றது. கை தானா எழுதணும்.
3. காம்ப்ளெக்ஸ் நம்பர்ல வட்டத்துல சுத்துற வரைக்கும் போதும்.
4. ஈவன், ஆட், அப்புறம் ஸ்பெரிக்கல் கோஆர்டினேட்.
5. ஹெர்மைட், லெஜண்டர், லாகேர் பாலினாமியல் எல்லாம் கடைசி. டேபிள்ல பாத்து எடுத்துக்கலாம், வருவிக்கத் தெரியாட்டி பரவால்ல. பரீட்சைக்குக் கேப்பாங்கன்னா அது வேற விஷயம்.

முதல் வாரத்துக்குக் கணக்கு ஒண்ணு: அல்லில் ரேடிக்கல், மூணு கார்பன் வரிசையா. கட்டத்தை எழுதி டிடர்மினன்ட்டை விரிங்க. ரூட் 2, 0, மைனஸ் ரூட் 2 வரணும். நடுவுல இருக்குற 0-க்கு உரிய வெக்டர் (1, 0, −1), அதுலதான் ஒத்தை எலெக்ட்ரான் உக்காந்திருக்கு. வெக்டர்ல நடு நம்பர் சைபர், அதாவது அந்த எலெக்ட்ரானுக்கு நடு கார்பன்ல இடமே இல்ல. அல்லில் ரேடிக்கல் ரியாக்ஷன் எல்லாம் ஏன் ரெண்டு முனைலயே நடக்குதுன்னு ஆர்கானிக் நோட்டுல எழுதி வச்சிருப்பீங்கல்ல, அதைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.